முதல் ஏர்பிரஷ், முதல் கம்ப்ரஸர்: எதில் கூடுதலாகச் செலவழிப்பது?

சாம்பல்72:

வணக்கம் நண்பர்களே. இதுவரை தூரிகையில்தான் மாடல்களுக்கு வண்ணம் அடித்து வருகிறேன். பெரும்பாலும் 1/72 அளவு விமானங்கள் (உண்மையானதில் 72-ல் ஒரு பங்கு), எப்போதாவது 1/48. சின்னப் பகுதிகள் தூரிகையில் நன்றாகவே வருகின்றன. ஆனால் இறக்கையின் அடிப்பக்கம் முழுக்க ஒரே வெளிர்நீலம் என்றால் தடம் தெரிந்துவிடுகிறது. இரண்டு நிறங்கள் மெதுவாகக் கலக்கும் விளிம்பு கையால் வரவே மாட்டேன் என்கிறது. அதனால் காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நாசில் (பெயின்ட் வெளியேறும் முனை) 0.2 மி.மீ. நல்லதா, 0.3 போதுமா? ஏர்பிரஷின் அடியிலேயே பேட்டரி கம்ப்ரஸரைத் திருகி வைத்த சிறிய வகை வருகிறதே, அது 1/72-க்குத் தாங்குமா? மொத்தத் தொகையை இரண்டுக்கும் பிரித்தால் எதற்குக் கூடுதலாக ஒதுக்குவது? வீட்டில் இரவில்தான் நேரம் கிடைக்கும், ஆகவே சத்தமும் ஒரு பிரச்சினை. என்னிடம் இருக்கும் பெயின்ட்டுகள் டாமியா அக்ரிலிக், கொஞ்சம் வல்லேஹோ.

ஸ்ப்ரூக்கத்தி:

வாங்க. முதலில் கம்ப்ரஸரை முடிவு செய்யுங்கள், ஏர்பிரஷ் பிறகு. ஏர்பிரஷை நாளை மாற்றுவீர்கள், இன்னொன்றும் வாங்குவீர்கள். கம்ப்ரஸர் நல்லதாக அமைந்துவிட்டால் பல வருடம் அதே இடத்தில் இருக்கும்.

பார்க்க வேண்டியது: எண்ணெய் போடத் தேவையில்லாத பிஸ்டன் வகை, கூடவே ஒரு காற்றுத் தொட்டி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரம் பிரிக்கும் குடுவை. சந்தையில் பல பெயர்களில் விற்கும் 3 லிட்டர் தொட்டி வகையில் இந்த நான்குமே இருக்கும். பெரும்பாலானவை 4 பார் அழுத்தம் வந்ததும் தானாக நின்று, 3 பாருக்கு இறங்கியதும் மறுபடி ஓடும். உங்கள் இரவு வேலைக்கு அதுதான் முக்கியம். மோட்டார் ஓயாமல் ஓடாது. தொட்டியில் இருக்கிற காற்றிலேயே கொஞ்ச நேரம் அடிக்கலாம், இடையில் ஒருமுறை ஓடி நிற்கும்.

தொட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் காற்று ஒரு துடிப்பாக வருகிறது. பெரிய பரப்பில் அது தெரியாது. இரண்டு மி.மீ. அகலக் கோடு இழுக்கும்போது கோடு மணிமணியாக விட்டுவிட்டு விழும். உங்கள் கையில்தான் குறை என்று நினைத்து வாரக்கணக்கில் பயிற்சி செய்வீர்கள். காற்றை ஒரு தொட்டிக்குள் விட்டு எடுத்தால் அந்தத் துடிப்பு அங்கேயே அடங்கிவிடும்.

மூன்றாம்கை:

பேட்டரி வகையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. சிறு அறையில் இருப்பவர்களுக்கும், அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கும் அது உண்மையிலேயே பயன்படுகிறது. பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க, ஒற்றை நிறம் போட, கடைசியில் மேட் வார்னிஷ் அடிக்க நன்றாகவே வேலை செய்யும்.

அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தை நுணுக்கமாக மாற்ற முடியாது. பல மாடல்களில் இரண்டு மூன்று நிலைகள்தான். கம்ப்ரஸரின் எடை முழுக்கக் கையில் இருப்பதால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். தொடர்ந்து அடித்தால் சூடாகும். சாம்பல்72 கேட்கிற மென்மையான விளிம்பு 1/72-ல் வேண்டும் என்றால் ஸ்ப்ரூக்கத்தி சொல்வதையே நானும் சொல்வேன்.

தகடுக்கோடு:

நாசில் பற்றி விரிவாக எழுதலாம், ஏனென்றால் இதில்தான் பலரும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

0.2 என்பது கோட்டின் அகலம் அல்ல, நாசில் வாயின் விட்டம். கோடு எவ்வளவு மெலிதாக வரும் என்பதை நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனை சரியும் விதம், பெயின்ட் கலந்த பதம், மாடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள், டிரிகரை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்ற நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நல்ல 0.3-ஐ வைத்து ஒரு மி.மீ.க்கும் குறைவான கோடு இழுக்கலாம். 0.2-ல் அதே கோடு சற்று எளிதாக வரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 0.2 கேட்பது அதிகம். பெயின்ட்டில் ஒரு சிறு கட்டி இருந்தாலும் அடைக்கும், முனையில் பெயின்ட் சீக்கிரம் காய்ந்து ஒட்டும். வல்லேஹோ போன்ற தண்ணீர் அக்ரிலிக்கில் இது இன்னும் அதிகம். முதல் ஏர்பிரஷை வைத்துக்கொண்டு பாதி நேரம் ஊசி முனையைத் துடைத்துக்கொண்டிருப்பது நல்ல தொடக்கம் அல்ல.

ஆக, 0.3 முதல் 0.35 வரை. டபுள் ஆக்‌ஷன், அதாவது டிரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். கப் மேலே இருக்கிற வகை. பெயின்ட் தன் எடையிலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் வேலை நடக்கும், நாலு சொட்டு பெயின்ட் போதும். கீழே பாட்டில் தொங்கும் வகைக்குப் பெயின்ட்டை உறிஞ்சி மேலே எடுக்கவே கூடுதல் காற்று வேண்டும். 1/72-ல் அந்தக் கூடுதல் காற்று உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

பெயர் சொல்லச் சொன்னால்: ஐவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ், நாசில் 0.35. ஜிஎஸ்ஐ கிரியோஸின் பிஎஸ்-289, நாசில் 0.3. ஹார்டர் ஸ்டீன்பெக் எவல்யூஷனில் 0.2, 0.4 இரண்டு நாசிலும் சேர்ந்தே வரும் தொகுப்பு உண்டு. வருடங்கள் கழித்து இன்னொன்று வாங்காமல் அதையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இவற்றில் எது நீங்கள் இருக்கும் இடத்தில் உதிரிப் பாகத்தோடு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். நாசிலும் ஊசியும் தேயும், வளையும். மாற்று கிடைக்காத அருமையான ஏர்பிரஷை விட மாற்று கிடைக்கிற நடுத்தர ஏர்பிரஷ் மேல்.

கரடுமுரடு35:

விமானக்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இழையைப் படிக்கும் 1/35 டாங்கி, 1/24 கார் ஆட்களுக்காக: 0.5-ஐ மறந்துவிட வேண்டாம். நான் பேட்ஜர் பேட்ரியட் 105 வைத்திருக்கிறேன். அதன் நாசில் 0.5, பிரைமர் அடைப்பதே இல்லை, கழுவுவதும் எளிது. கார் பாடிக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் ஒரே ஈரப் பூச்சாக வேகமாக மூட வேண்டும். 0.2-ல் அடித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் மறுபக்கம் காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

சாம்பல்72:

எல்லோருக்கும் நன்றி. 0.3 என்பது தெளிவாகிவிட்டது. இன்னொரு சந்தேகம். பெயர் தெரியாத மலிவு ஏர்பிரஷ்கள் பார்க்க ஐவாட்டா போலவே இருக்கின்றன. பழகுவதற்கு அதை வாங்கிவிட்டுப் பிறகு நல்லதற்குப் போகலாமா?

ஸ்ப்ரூக்கத்தி:

போகலாம், தவறில்லை. ஆனால் கையில் வாங்கியதும் மூன்று இடத்தைப் பாருங்கள். ஊசியை வெளியே எடுத்து ஒரு தட்டையான கண்ணாடியில் வைத்து உருட்டுங்கள், முனை ஆடினால் வளைந்திருக்கிறது. நாசிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள், வாய் வட்டமாகவும் விளிம்பு வெடிப்பில்லாமலும் இருக்க வேண்டும். மூன்றாவது, ஓ-ரிங்குகள், அதாவது கசிவைத் தடுக்கும் வளையங்கள். ரப்பரில் செய்தது லாக்கர் தின்னர் (லாக்கர் பெயின்ட்டை நீர்க்க வைக்கும் கடுமையான கரைப்பான்) பட்டால் ஊதிக்கொள்ளும், டிரிகர் இறுகிவிடும். பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) வகை என்றால் பயமில்லை.

மலிவு வகைகளில் பெரும்பாலும் நாசில் மிகச் சிறிய மரையோடு வரும். கூட ஒரு குட்டி ஸ்பானர் தருவார்கள். அதை வைத்து இறுக்கும்போது பித்தளைக் கழுத்து முறிந்து மரை உள்ளேயே தங்கிவிடும். விரலால் சுற்றி, ஸ்பானரில் ஒரு தொடு, அதற்கு மேல் வேண்டாம். எக்லிப்ஸிலும் எவல்யூஷனிலும் நாசிலுக்கு மரையே கிடையாது, குழியில் வைத்து மேல் மூடியை மூடினால் தானே நடுவில் உட்காரும். பழகுகிறவருக்கு அந்த ஒரு வசதிக்காகவே கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன்.

தகடுக்கோடு:

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மலிவில் பழகுவது என்றால், பெயின்ட் துப்பும்போது அது கருவியின் குறையா, பெயின்ட் பதத்தின் குறையா என்று தெரியாது. தெரியாத இரண்டை ஒரே நேரத்தில் கற்க முடியாது. வசதி இருந்தால் முதலிலேயே நல்லது வாங்குங்கள். வசதி இல்லையென்றால், கம்ப்ரஸரில் மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

வெள்ளிறகு:

யாரும் இன்னும் மூச்சு பற்றிப் பேசவில்லை. பட்ஜெட்டில் இதற்கும் பங்கு வையுங்கள்.

தண்ணீர் பெயின்ட் என்றால் பாதிப்பில்லை என்று பலரும் நம்புகிறார்கள். ஏர்பிரஷ் பெயின்ட்டைப் புகைபோல நுண்துளியாக்குகிறது. அது தண்ணீர் பெயின்ட்டாக இருந்தாலும் நிறமித் துகளும் பிசினும் நுரையீரலுக்குள் போகின்றன. டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹாலும் இருக்கிறது. லாக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜோடு துகள் வடிகட்டியும் சேர்ந்த, முகத்தில் இறுக்கமாக உட்காரும் ரப்பர் மாஸ்க் வேண்டும். மாஸ்க் போட்ட பிறகும் தின்னர் வாசனை வந்தால் ஒன்று கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, இல்லையென்றால் விளிம்பில் இடைவெளி இருக்கிறது. பயன்படுத்தாத நேரத்தில் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள், திறந்து கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும்.

ஸ்ப்ரே பூத் (தெளிக்கும் புகையை விசிறியால் உறிஞ்சும் பெட்டி) வாங்கினால் அதன் குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். வடிகட்டியோடு அறைக்குள்ளேயே காற்றைத் திருப்பி விடும் வகை, துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சமரசமே வேண்டாம். லாக்கர் ஆவி தீப்பற்றக்கூடியது, ஆகவே மோட்டாரில் பொறி பறக்கும் பழைய விசிறியை வைத்து நீங்களே பூத் செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மெல்லியகோடு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 0.3 ஏர்பிரஷும் தொட்டி வைத்த கம்ப்ரஸரும் இருக்கின்றன. காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வைத்து அடிக்கச் சொன்னார்கள். 15-ல் வைத்தாலும் பெயின்ட் துளித்துளியாகப் புள்ளி விழுகிறது. 20-க்கு ஏற்றினால் சரியாகிறது. மீட்டர் தவறா?

தகடுக்கோடு:

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். டிரிகரைத் தொடாமல் மீட்டரைப் பாருங்கள், 15 காட்டும். இப்போது டிரிகரை முழுக்க அழுத்திக் காற்றை மட்டும் விட்டுக்கொண்டே பாருங்கள். முள் கீழே இறங்கும், 15-ல் வைத்தது 11, 12 என்று நிற்கும். ஹோஸும் ரெகுலேட்டரும் சேர்ந்து அவ்வளவு குறைக்கின்றன. யாராவது 15 என்று சொன்னால் காற்று ஓடும்போது இருக்கும் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரிகரை அழுத்தியபடியே ரெகுலேட்டரைத் திருகி முள்ளை 15-க்குக் கொண்டுவாருங்கள்.

பொதுவாக 15 முதல் 20 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1 முதல் 1.4 பார் வரை, எல்லா வேலைக்கும் ஆகும். மெல்லிய கோட்டுக்கு 10, 12-க்கு இறக்கலாம், ஆனால் பெயின்ட்டையும் அதற்கேற்ப நீர்க்க வைக்க வேண்டும். அழுத்தத்தை மட்டும் இறக்கிவிட்டுப் பெயின்ட்டைக் கெட்டியாகவே விட்டால் நீங்கள் சொல்லும் புள்ளிகள்தான் வரும்.

மூன்றாம்கை:

பெயின்ட் பதம் பற்றி: டாமியா அக்ரிலிக்கை எக்ஸ்-20ஏ தின்னரில் ஒன்றுக்கு ஒன்று தொடங்கி, தேவைப்பட்டால் தின்னரைக் கூட்டுங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரும் டாமியாவோடு அழகாகக் கலக்கும். அதில் காய்வதைத் தாமதிக்கும் பொருள் இருப்பதால் முனை அடைப்பு குறையும், பூச்சும் வழவழப்பாக உட்காரும். ஆனால் அது லாக்கர் தின்னர், வெள்ளிறகு சொன்ன மாஸ்க் கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டு தின்னரையும் வல்லேஹோவில் ஊற்ற வேண்டாம். கப்பிலேயே திரிந்து ரப்பர் போல ஆகிவிடும், பிறகு நாசிலைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வல்லேஹோவுக்கு அவர்களுடைய தின்னர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஏர்பிரஷை நடுவில் முழுக்கக் கழுவுங்கள்.

பதம் சரியா என்று பார்க்க, கலந்ததைக் கலவைக் கிண்ணத்தின் சுவரில் தூரிகையால் ஏற்றி விடுங்கள். ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டு ஒரே சீராக வழிந்தால் போதும், ஆடை நீக்கிய பால் போல. தடிப்பாக நின்றால் இன்னும் தின்னர், படலமே இல்லாமல் ஓடிவிட்டால் அதிகமாகிவிட்டது.

சாம்பல்72:

வாங்கியாகிவிட்டது. 3 லிட்டர் தொட்டி கம்ப்ரஸர், 0.3 ஏர்பிரஷ். சத்தம் எதிர்பார்த்ததை விடக் குறைவு, கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் யாரும் கேட்கவில்லை. கறுப்பு மையைத் தண்ணீரில் கலந்து காகிதத்தில் கோடும் புள்ளியும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிலிருந்து ஒரு விசித்திரம். டிரிகரை அழுத்தினால் கப்பில் இருக்கும் மை கொதிப்பது போலக் குமிழ் விடுகிறது. பின்னால் இழுத்தால் பெயின்ட் விட்டுவிட்டு வருகிறது.

ஸ்ப்ரூக்கத்தி:

காற்று போகக்கூடாத வழியில் கப்புக்குள் திரும்புகிறது என்று அர்த்தம். வரிசையாகப் பாருங்கள். முதலில் முன்மூடியை விரலால் இறுக்குங்கள், பாதி நேரம் அதுதான். நிற்கவில்லையென்றால் நாசிலைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் காய்ந்த பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துணுக்கு இருந்தாலும் காற்று கசியும். அதுவும் இல்லையென்றால் நாசிலில் வெடிப்பு இருக்கலாம், மாற்ற வேண்டியதுதான். மரை வழியாகக் கசிகிறது என்று தெரிந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவித் திருகலாம், நன்றாக அடைக்கும்.

சாம்பல்72:

நாசில் அடியில் மெல்லிய கறுப்பு வளையமாக மை காய்ந்திருந்தது. துடைத்துப் போட்டேன், குமிழ் நின்றுவிட்டது. இதை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டுமா?

மூன்றாம்கை:

தேவையில்லை. நிறம் மாற்றும்போது கப்பைத் துடைத்து, தின்னர் ஊற்றி, வெளியே தெளிவாக வரும்வரை அடியுங்கள். பிறகு நாசில் வாயைத் துணியால் லேசாக மூடி டிரிகரை இழுத்தால் காற்று திரும்பிக் கப்பில் குமிழ் விடும், இம்முறை நாமே வரவழைக்கிறோம், மூலையில் இருப்பதும் வந்துவிடும். நாளின் முடிவில் ஊசியை எடுத்துத் துடைத்தால் போதும். தினமும் நாசிலைக் கழற்றினால்தான் அது சீக்கிரம் தேயும், முறியும்.

தகடுக்கோடு:

மரை உள்ள நாசிலுக்கு மூன்றாம்கை சொல்வது சரி. மரை இல்லாத வகையில் நான் ஒவ்வொரு நாளும் கழற்றித்தான் வைக்கிறேன், தண்ணீர் அக்ரிலிக் என்றால் கண்டிப்பாக. காய்ந்த பிறகு அது தண்ணீரில் கரையாது. ஊசியைப் பின்னால் இழுக்கும் முன்பு தின்னர் ஒருமுறை ஓடவிடுங்கள். பெயின்ட்டோடு இழுத்தால் அது உள்ளே ஊசியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கில் படிந்து டிரிகரைப் பிசுபிசுக்க வைக்கும். திரும்பப் போடும்போது ஊசியைத் தள்ளாதீர்கள், நாசிலைத் தொட்டதும் நிறுத்துங்கள். 0.3 நாசில் பெரும்பாலும் வெடிப்பது அப்போதுதான்.

வெள்ளிறகு:

ஈரப்பதம் அதிகமான நாட்களுக்கு ஒரு வார்த்தை. அமுக்கப்பட்ட காற்று சூடாக வந்து, குளிரும்போது தன்னிடமுள்ள தண்ணீரை விட்டுவிடும். அதில் பெரும்பகுதி தொட்டியில் தங்கும். தொட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அழுத்தம் கொஞ்சம் இருக்கும்போதே அதைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும், கீழே துணி வையுங்கள். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் செய்தால் தொட்டி உள்ளே துருப்பிடிக்காது. கம்ப்ரஸரோடு வரும் குடுவை சூடான இடத்தில் இருப்பதால் முழு ஈரத்தையும் பிடிக்காது. நீளமான ஹோஸ் போட்டு, ஏர்பிரஷுக்கு அருகில் இன்னொரு சிறு வடிகட்டியை மாட்டினால் வழியில் குளிர்ந்து பிரிந்த தண்ணீரும் அதில் நின்றுவிடும்.

மெல்லியகோடு:

கேட்டுவிடுகிறேன்: கரடுமுரடு35 சொன்ன பேட்ரியட்டை இரண்டாவதாக வாங்க நினைக்கிறேன். என் ஹோஸ் இப்போது இருக்கும் ஐவாட்டாவுக்கானது. அதே ஹோஸில் மாட்ட முடியுமா?

கரடுமுரடு35:

நேரடியாக மாட்டாது. ஐவாட்டாவும் ஹார்டர் ஸ்டீன்பெக்கும் 1/8 பிஎஸ்பி என்ற அளவு மரை, பேட்ஜருக்குத் தனி மரை, பாஷே என்ற இன்னொரு பிராண்டுக்கு அதுவும் வேறு. பேட்ஜரிலிருந்து 1/8-க்கு மாற்றும் அடாப்டர் தனியாகக் கிடைக்கும். அதை வாங்கும்போதே இரண்டு ஏர்பிரஷுக்கும் குயிக் ரிலீஸ் கப்ளிங் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஹோஸ் முனையில் ஒரு பெண் பகுதி, ஏர்பிரஷ் ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் பகுதி. அழுத்தத்தை இறக்காமலேயே ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டேப்பை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதன் நூல் காற்று வால்வுக்குள் போய்ச் சிக்கும். மாட்டி முடித்ததும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வரும் இடத்தில் கால் சுற்று இறுக்கினால் போதும்.